ஆறு நீர் எலிகள்

"என் கட்டுரையை நிராகரிச்சது நீங்கதானா?"

செங்கோடன் கதவைத் தட்டவில்லை. நகரத்திலிருந்து ஒன்பது மணி நேரம் பேருந்தில் வந்த புழுதியோடு உள்ளே வந்து நின்று கேட்டார்.

"நான்தான்," என்றார் அமலி.

தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரை. தகரக் கூரை போட்ட நான்கு அறைகள். அதுதான் ஆய்வு நிலையம். தூத்துக்குடியிலிருந்து போன அமலி அதை நடத்திக்கொண்டிருந்தார். செங்கோடன் திருச்செங்கோட்டில் பள்ளி வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதில் எலிகளைப் பற்றிப் படிக்க அவரிடம் வந்தவர். ஆசிரியைக்கு மாணவரைவிட ஏழு வயது குறைவு.

"மதிப்புரையில பேரைப் போடாம எழுதினீங்க."

"அப்படித்தான் எழுதணும். கேட்டீங்க, சொல்லிட்டேன்."

"பதினோரு வருஷம், டீச்சர்."

"தெரியும்."

"ஆறு வகை எலி. ஆறும் தண்ணிக்குள்ள மூழ்கி இரை தேடுது. ஆறுக்கும் விரல் நடுவுல சவ்வு இருக்கு. பாதத்து ஓரத்துல துடுப்பு மாதிரி முடி. சின்னக் காது. எல்லாம் ஒரே பேரினம், ஒரே வம்சம்னு சின்னப் பிள்ளைகூட சொல்லும். நீங்க 'ஏற்க முடியாது'ன்னு ஒரு வரி எழுதிட்டீங்க."

அமலி பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

செங்கோடன் மேசையில் ஓங்கி அடித்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"அந்தப் பேரினத்துக்கு நான் யார் பேரை வெச்சேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். எவரிஸ்தோ. பக்கத்துக் கிராமத்துக்காரர். எட்டு வருடம் செங்கோடனோடு ஆற்றில் இறங்கிப் பொறி வைத்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆற்று வெள்ளம் அவரைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் செய்த அன்று அவர் மனைவி ரோசால்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு செங்கோடன் சொல்லியிருந்தார்: "உங்க வீட்டுக்காரர் பேர் புத்தகத்துல என்னைக்கும் இருக்கும்."

"அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க," என்றார் அமலி. அவர் குரலிலும் சூடு ஏறியிருந்தது. "எலிகிட்ட கேளுங்க."

எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்தார். பஞ்சடைத்துக் காயவைத்த ஆறு எலித் தோல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் மண்டையோடு.

கத்தரிக்கோலை எடுத்தார். செங்கோடன் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

அமலி வெட்டியது ஒரு பழைய துணியை. நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு காலாகச் சுற்றிக் கட்டினார். இருபத்து நான்கு கால்கள்.

"இப்போ பிரிங்க."

"காலைப் பாக்காம நீர் எலியை எப்படிப் பிரிக்கிறது? விளையாடறீங்களா?"

"தண்ணியில கிடந்தா எதுக்கும் அந்தக் கால் வரும். உங்களுக்குப் பல்லு பாக்கத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

செங்கோடன் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். கோபத்திலும் கை பிசகவில்லை.

முதல் மண்டையோடு. கடைவாய்ப் பல் உயரம், மேலே தட்டை. புல் மெல்லும் சதுப்பு எலிகளின் பல். இடது பக்கம் வைத்தார்.

இரண்டாவதும் இடது பக்கம்.

மூன்றாவதில் பல் குட்டை, மேலெல்லாம் மேடு மேடாக இருந்தது. மரத்தடியில் விதை பொறுக்கும் காட்டு எலிகளின் பல். வலது பக்கம்.

நான்காவது இடது. ஐந்தாவது வலது.

ஆறாவதை எடுத்தார். இடது பக்கம் கொண்டுபோனார். வலது பக்கம் கொண்டுபோனார். கடைசிக் கடைவாய்ப் பல் ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க போகும்?" அமலி கேட்டார்.

"எங்கயும் போகாது."

"கட்டுரையில எங்க வெச்சீங்க?"

"மத்த அஞ்சோட."

"இந்தப் பல்லை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"மூணு வருஷம் முன்னாடி."

"அதைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே."

"கால் ஒத்துப்போச்சில்ல!" செங்கோடன் கத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது யார் பிடிச்சது?"

செங்கோடன் தோலோடு இருந்த விவரச் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"எவரிஸ்தோ. அவர் போன அன்னைக்குக் காலையில."

"பிடிச்சப்போ அவர் என்ன சொன்னார்?"

வெளியே ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது வேறன்னு சொன்னார்," என்றார் செங்கோடன். "இது நண்டு தின்னுது, மத்தது தின்னாது, இது நீந்தற விதமே வேறன்னார். அந்த வாரம்தான் நான் நீர் எலி எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து எழுத ஆரம்பிச்சிருந்தேன். எனக்குக் கோபம் வந்துடுச்சு. பொறி வைக்கிறதுதான் உன் வேலை, அதைப் பாருன்னுட்டேன்."

"அப்புறம்?"

"இன்னொண்ணு பிடிச்சுக் காட்டுறேன், அப்பத்தான் நீ நம்புவேன்னு சொல்லிட்டுப் போனார். மேல மலையில மழை பெஞ்சிருந்தது, ஆத்துல வெள்ளம் வரும். எங்க ரெண்டு பேருக்குமே அது தெரியும்."

அமலியின் முகம் சிவந்தது.

"ரோசால்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு. இப்போதான்."

அமலி கட்டுரையை எடுத்தார். எழுபது பக்கம். மேலே பெரிய எழுத்தில் எவரிஸ்தோவின் பெயர். அதைக் கவிழ்த்து, எழுதாத பக்கம் மேலே வரும்படி அவர் முன்னால் போட்டார். கீழே விழுந்திருந்த பேனாவைச் செங்கோடனே குனிந்து எடுத்தார்.

"அவர் பேரை விடுங்க," என்றார் அமலி. "அவர் சொன்னதை எழுதுங்க."

செங்கோடன் பேனாவைத் திறந்தார்.

"ஆங்கிலத்துலயா?"

"ரோசால்பா படிக்கிற மொழியில."