போல்ட் இல்லாத துப்பாக்கி

மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் மலையூர் அது. அங்கே பட்டாளத்து மியூசியத்துக்குப் பின்னால் ஜுலேகாவின் பட்டறை. பழைய துப்பாக்கிகளுக்கு அவள் உயிர் கொடுக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். அங்கே வரும் துப்பாக்கி எதுவும் சுடாது. குழலை அடைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுடைய ஒரே சீடருக்கு அறுபத்தாறு. ஓய்வுபெற்ற ஹவில்தார் ராயப்பன். அவர் அவளை ‘உஸ்தாத்’ என்பார், அவள் அவரை ‘அண்ணே’ என்பாள். இதில் யார் குரு என்று வெளியாட்களுக்குக் குழப்பம் வரும்.

ராயப்பன் தொழில் கற்க வந்ததே ஒரே ஒரு துப்பாக்கிக்காக. அவருக்கு மூன்று வயதாகும்போது அப்பா வடக்கே பனிமலைச் சண்டைக்குப் போனார். திரும்பவில்லை. காணவில்லை என்று ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். கல்லறைகூடக் கிடையாது. கடைசிக் கடிதத்தில், ‘என் ரைபிள் நம்பர் 4417. இப்போதைக்கு அதுதான் எனக்குச் சம்சாரம்’ என்று வீட்டுக்காரியைச் சீண்டி எழுதியிருந்தார்.

அந்த 4417 ஒரு பழைய கிடங்கின் மூலையில் அகப்பட்டது. தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு, அதாவது போல்ட், அதில் இல்லை.

மியூசியத்தில் கறாரான விதி ஒன்று உண்டு. துப்பாக்கியின் உடம்பிலும் போல்ட்டிலும் ஒரே நம்பர் இருந்தால் கண்ணாடிப் பெட்டி கிடைக்கும், அடியில் சிப்பாயின் பெயரும் எழுதுவார்கள். இல்லையென்றால் ஸ்டோர் ரூம்தான்.

இரண்டு வருஷம் ராயப்பன் அலைந்தார். வார் மாட்டுகிற வளையம் புனேயில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஸ்பிரிங் ஜபல்பூரில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான். மரக்கட்டையைத் தேய்த்துத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் ஏற்றினார். போல்ட் மட்டும் வரவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்த்தால் அவருக்குக் கனவு வரும். பனிக்குள் அப்பா நிற்பார். முகம் இருக்காது. துப்பாக்கியை நீட்டி, “போல்ட் எங்கடா?” என்பார். ராயப்பன் விழித்துக்கொண்டு அழுவார். அத்தனை வயசு மனுஷன் மூக்கை உறிஞ்சுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஜுலேகா டீ போட எழுந்து போய்விடுவாள்.

ஐப்பசியில் ஒரு பார்சல் வந்தது. போல்ட்! ஏதோ ஏலத்தில், ஒரு சாக்கு ஓட்டை உடைசலுக்குள் கிடந்ததாம். ராயப்பன் உள்ளே விட்டார். சளக்கென்று போய்ப் பூட்டிக்கொண்டது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 9052 என்றிருந்தது.

“நம்பர் வேற, உஸ்தாத்.”

“வேறதான்.”

“இதை அராவிட்டு 4417 அடிச்சிடலாமா? நம்பர் பொறிக்கிற பஞ்ச் நம்மகிட்டயே இருக்கே.”

“அடிக்கலாம்.”

“கண்டுபிடிச்சிடுவாங்களா?”

“நான் அடிச்சா எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க மாட்டான்.” அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

“தப்பா உஸ்தாத்?”

அரத்தையும் பஞ்சையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, பட்டாளத்துல காலையில துப்பாக்கி எப்படி வாங்குவீங்க?”

“ஆயுத ரூம் ஜன்னல்ல நின்னு நம்பரைச் சத்தமாச் சொல்லணும். பேரெல்லாம் கேக்க மாட்டான். நம்பர் சொன்னாத்தான் தருவான்.”

“அழிக்கிறதுக்கு முன்னாடி இந்த நம்பரை ஒரு தடவை சொல்லுங்க.”

“என்ன விளையாட்டு இது!” என்று சிரித்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? எழுந்து விறைப்பாக நின்றார்.

“நைன் ஜீரோ ஃபைவ் டூ!”

பட்டறை முழுக்க மேகம் நிறைந்திருந்தது. குரல் அதற்குள் போயிற்று. யாரோ நடந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றது போல ராயப்பனுக்குத் தோன்றியது. அப்பா இல்லை. இவன் குட்டையாக இருந்தான். இவனுக்கும் முகம் இல்லை.

“யாரு உஸ்தாத் அது?”

“எனக்கு என்ன தெரியும்?”

ராயப்பன் வெகுநேரம் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து அரத்தை எடுத்தார்.

“எங்கப்பா பேரு ஒரு கல்லுலகூட இல்ல, உஸ்தாத். இந்த ஒரு பெட்டிதான். இதையும் விட்டுட்டா நான் எங்க போவேன்?”

“தெரியும் அண்ணே. அதனாலதான் நான் தடுக்கல.”

அவர் அரத்தை நம்பரின் மேல் வைத்தார்.

ஜுலேகா சொன்னாள்:

“இவனோட மகன் இந்த நம்பரைத் தேடிக்கிட்டு ஒருநாள் இந்தப் பட்டறைக்கு வருவான். அவன்கிட்ட நான் என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிட்டு அராவுங்க.”