பதினொரு காரும் ஒரு டீயும்

கோயம்புத்தூர் போத்தனூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் பிலோமினாவின் ஒர்க்‌ஷாப். பழைய கார்களுக்கு மட்டும்தான் அங்கே வைத்தியம். பிலோமினாவுக்கு நாற்பத்துமூன்று வயது. பேச்சு குறைவு. பேசுகிற அந்தக் கொஞ்சத்திலும் பாதி காரோடுதான்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்தொன்பது. குருவைவிடச் சீடருக்குப் பதினாறு வயது அதிகம் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். பம்புசெட் கம்பெனி நடத்தி ஓய்ந்தவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காரை ரிப்பேருக்கு விட வந்தார். திரும்ப எடுத்துப் போகிறபோது, "இதை எப்படிங்க சரி பண்ணுனீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். "நாளைக்கு வாங்க, காட்டறேன்" என்றார் பிலோமினா. மறுநாளிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறார். முதலில் கேலிக்குத்தான் 'குரு' என்றார். நாளாக ஆகக் கேலி உதிர்ந்துபோய், குரு மட்டும் தங்கிவிட்டது.

சென்னியப்பன் வீட்டில் அவரும் மனைவியும் இரண்டே பேர். கார் பதினொன்று. வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் வரிசையாக நிற்கும். நட்டநடுவே ஒரு கறுப்புக் கார், சுதந்திரத்துக்கு முந்தையது. கார்ப் பிரியர்கள் வட்டாரத்தில் அவரைக் 'கறுப்புக் கார் சென்னியப்பன்' என்றுதான் சொல்வார்கள். அப்படி யாராவது சொல்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

புரட்டாசி பிறந்ததும் மகள் மிருதுளா வந்தாள். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் பிசியோதெரபி அவள் தொழில். ஷெட் இருக்கும் இடத்தில் கிளினிக் கட்டட்டுமா என்று கேட்டாள். மனசார சரி என்றார். தையில் பூமி பூஜை. வீட்டு முன்பக்கம் மூன்று கார் நிற்க இடமிருந்தது. மீதி எட்டும் போயாக வேண்டும்.

அன்று ராத்திரியே பட்டியல் போட உட்கார்ந்தார். எது அபூர்வம், எது பழசு, எதற்கு உதிரி கிடைக்காது என்று கோடு போட்டு எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால் வைத்துக்கொள்ள வேண்டியவை பதினொன்று. மறுநாள் இன்னொரு தாள். அதிலும் பதினொன்று. மூன்றாம் நாள் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"எந்த மூணுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க குரு. எனக்குக் கை வரமாட்டேங்குது."

பிலோமினா கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளைத் தொடவில்லை.

"ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவீங்கண்ணா?"

"காலைல ஆறு மணிக்கு ஷெட்டத் தொறந்துருவனுங்க. ஒவ்வொரு காரா ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓட விட்டு அணைப்பேன். ஒம்பது வருஷமாச்சு. ஒரு ஞாயிறு தவறினதில்ல."

"ஒரு காரு கூடவா?"

"ஒரு காரு கூட."

"இந்த வாரம் நானும் வர்றேன்."

ஞாயிறு காலை பிலோமினா வந்தார். சென்னியப்பன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பாராட்டு வாங்கப்போகிறோம் என்ற நினைப்பு. முதலில் அம்பாசடரை ஸ்டார்ட் செய்தார். பத்து நிமிடம் ஆனதும் அணைத்தார்.

பிலோமினா இஞ்சின் ஆயில் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிக் காட்டினார். மூடியின் உள்பக்கம் காபி நுரை மாதிரி என்னவோ அப்பியிருந்தது.

"என்னதுங்க இது?"

"தண்ணியும் ஆயிலும் கலந்தது. பத்து நிமிஷத்துல இஞ்சின் வெதுவெதுன்னுதான் ஆகும். உள்ள வேர்த்த தண்ணி காயறதுக்கு நல்ல சூடு வேணும். அது வர்றதுக்குள்ள அணைச்சுப்போடறீங்க."

அடுத்தடுத்து மூடிகளைத் திறந்தார். பதினொன்றிலும் அதே நுரை. நீல ஹெரால்டு காருக்குப் பின்னால் குனிந்து, சைலன்சரை ஸ்குரூடிரைவரால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். துருப்பிடித்த தகட்டைத் துளைத்துக்கொண்டு ஸ்குரூடிரைவர் உள்ளே போய்விட்டது.

சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் கூட நான் விட்டதில்லைங்களே குரு."

"விட்டிருந்தா இந்த அளவுக்கு ஆயிருக்காதுங்கண்ணா."

ஒம்பது வருஷப் பாசத்தில் ஒரு ஸ்குரூடிரைவரால் ஓட்டை விழுந்தால் மனுசனுக்கு எப்படி இருக்கும்? அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இப்ப என்ன பண்றதுங்க?"

"ஓட்டோணும்."

"பதினொண்ணையுமா?"

"உங்க வாரத்துல எத்தன ஞாயிறுங்கண்ணா?"

பிலோமினா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ஆயில் மாத்துங்க. பொறவு ஞாயித்துக்கு ஒரு காரு. ஒரு மணி நேரமாவது போகோணும், தனியாத்தான் போகோணும். திரும்பறப்ப நேரா ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்."

முதல் ஞாயிறு அம்பாசடரில் வாளையார் வரை போய்வந்தார். பிக்கப் எப்படி, பிரேக் எப்படி என்று சொல்வதற்கெல்லாம் தயாராக வந்தார்.

"டீ எங்கண்ணா குடிச்சீங்க?"

"டீயா? குடிக்கலைங்க. வீடு வந்து சேந்தாப் போதும்னு இருந்துச்சு."

"சரி. சாவியக் குடுங்க."

ஒர்க்‌ஷாப் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. பிலோமினா சாவியை வலது ஆணியில் மாட்டினார். எதற்கென்று சொல்லவில்லை. சென்னியப்பனும் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு வெளிர்மஞ்சள் பியட்.

"டீ எங்க குடிச்சீங்க?"

"ஆனைகட்டில ஒண்ணுங்க. வர்ற வழில ஒரு மேட்டுல நிறுத்தி இன்னொண்ணு. அந்தக் கடைக்காரர் இருக்காரே, முன்னால சர்க்கஸ்ல இருந்தவராமா. அவருகூடப் பேசிட்டே மூணாவதும் குடிச்சுப்போட்டேன்."

சாவி இடது ஆணிக்குப் போனது.

ஜீப்பை எடுத்துப் போன அன்று சாயங்காலம்தான் திரும்பினார்.

"எந்த ஊருன்னே தெரியலைங்க குரு. வழி தப்பிப் போச்சு. ஆனா டீ நல்ல டீ."

அதுவும் இடது பக்கம்.

ஹெரால்டுக்குப் புதுச் சைலன்சரை அவரே படுத்துப் புரண்டு மாட்டினார். ஆழியாறு போகிற வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. அதையும் ரோட்டோரத்தில் அவரே மாட்டினார். கிரீஸ் கையோடு குடித்த டீயைப் பற்றிச் சொல்கிறபோது குரல் ஒரு கட்டை உயர்ந்திருந்தது. பிலோமினா கேட்டுக்கொண்டார். இடது ஆணியில் மூன்று சாவியானது.

மற்ற கார்களில் சிலவற்றில் டீ ஞாபகமே வரவில்லை. சிலவற்றை ரோட்டோரம் நிறுத்தப் பயம். பெரிய பச்சைக் கார் ஒன்றில் போய், "அவ்வளவு பெரிய காரு, அங்க நிறுத்த எடமே இல்லைங்க" என்றார். பத்தாம் வாரம் வலது ஆணியில் ஏழு சாவி சேர்ந்திருந்தது.

அதற்குள் இரண்டு ஆணிக்கும் அர்த்தம் அவருக்குப் புரிந்துவிட்டது: இடது வைத்துக்கொள்ள, வலது விற்க. இடது பக்கம் மூன்றும் நிரம்பியாயிற்று. கறுப்புக் கார் மட்டும் பாக்கி. அவர் தூக்கம் கெட்டது. சூலூரில் ஒரு மில்காரர் நாலு வருஷமாக அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய கார்களைக் காட்சிக்கு வைக்கவென்றே பெரிய ஹால் கட்டிவைத்திருப்பவர். அவரிடம் கொடுத்துவிட்டால் 'கறுப்புக் கார்' என்ற பட்டமும் சூலூருக்கல்லவா போய்விடும்? பேசாமல் ஜீப்பை வலது பக்கம் தள்ளிவிட்டால் என்ன என்று யோசித்தார். ஜீப்பை நினைத்ததும் வழி தப்பிய அந்த ஊர் ஞாபகம் வந்தது. மனசு கேட்கவில்லை.

பதினோராம் ஞாயிறு. கார்த்திகை மாதம். கறுப்புக் கார் கிளம்பிக் கால் மணி நேரத்தில் தூறல் போட்டது. உடனே வண்டியைத் திருப்பினார். நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, காரைக் கூரைக்குள் விட்டு, துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"டீ எங்கண்ணா குடிச்சீங்க?"

"எங்கயும் இல்லைங்க. மழை."

பிலோமினா முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"போலாமுங்களா?"

"மழை வலுக்குதுங்க குரு."

"தெரியுதுங்க."

வாளையார் ரோட்டில் போனார்கள். மழை கொட்டியது. ஒவ்வொரு குழியிலும் சேறு தெறிக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சென்னியப்பன் முகம் சுருங்கியது. முக்கால் மணி நேரத்தில் மழை விட்டுத் தூறலானது. ஒரு ஓலைக் கூரை டீக்கடை முன்னால் பிலோமினா நிறுத்தச் சொன்னார்.

இரண்டு டீ வந்தது. சென்னியப்பன் வாயருகே கொண்டுபோகும்போது, காரைச் சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். தூரத்தில் லாரியை நிறுத்திவிட்டு வந்த டிரைவர், நரைத்த தலை, பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கைய எடுங்க! பெயிண்ட் போயிரும்!" என்று சென்னியப்பன் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்.

கத்திய கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. லாரி டிரைவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தார். அதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து கிளாஸை எடுத்தார். டீ ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. பிலோமினாவின் கிளாஸ் காலி.

பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் குரல் கம்மக் கேட்டார்.

"இந்தக் காரை விட்டுப்போட்டா நான் யாருங்க குரு?"

"இந்தப் பத்து வாரத்துல எங்கிட்ட வந்து டீக்கடைக் கதை சொன்னாரே ஒருத்தரு. அவரு யாருங்கண்ணா?"

சென்னியப்பன் குருவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். எழுந்து, ஆறிய டீயை வெளியே ஊற்றினார்.

"அண்ணா, சூடா இன்னும் ரெண்டு டீ போடுங்க" என்றார் கடைக்காரரிடம். ஒன்றை வாங்கி லாரி டிரைவர் கையில் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க. கோளாறு காருல இல்ல, எங்கிட்டத்தான்."

"அட, போச்சாதுங்க, அதனால என்ன" என்று டிரைவர் சிரித்தார். டீயைக் குடித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் மறுபடி போய்க் காரில் சாய்ந்து நின்றார்.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெஞ்சில் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே மழை ஓய்ந்த ரோடு, அதற்கப்பால் வாளையார் மலை. அவசரமே இல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பையிலிருந்து சாவியை எடுத்துக் குருவிடம் நீட்டினார்.

"வலது ஆணிங்க குரு. சூலூர்க்காரருக்கு நாளைக்கே சொல்லிப்போடறேன்."

பிலோமினா சாவியை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு டீ எங்கண்ணா குடிச்சீங்க?"

"இங்கதானுங்க குரு."