நண்டு தோண்டிய மூன்று குழிகள்

நண்டும் கொக்கும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈர மணல் பட்டை அப்போது முழுக்க நண்டுகளுடையது. அதற்கு மேலே காய்ந்த மணலில் நண்டு அரை நாள்கூடத் தாங்காது, உடம்பு உலர்ந்து செத்துப்போகும். அதனால் அவை அந்தப் பட்டையை விட்டு எங்கும் போவதில்லை.

கொக்குக்கு அந்தப் பட்டையின் மேல் கண். நடந்தால் நண்டு வளைகளில் கால் இறங்கிவிடுகிறதாம், நிம்மதியாக நின்று மீன் பார்க்க முடியவில்லையாம். அதற்கு வானம் இருக்கிறது, குளம் இருக்கிறது, வயல் இருக்கிறது, உட்கார மரம் இருக்கிறது. அதெல்லாம் போதவில்லை. நண்டுகளைக் காய்ந்த மணலுக்கு விரட்ட வேண்டும் என்று ஆமையிடம் போய் முறையிட்டது. அந்தக் கரைக்கு ஆமைதான் பஞ்சாயத்து. மெதுவாகப் பேசும். மெதுவாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் நியாயஸ்தர்கள் என்று மற்றவர்கள் நம்பிவிட்டார்கள்.

ஆமை வெகுநேரம் யோசித்து, குழிப்பந்து ஆடித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. ஜெயித்தவருக்கு ஈர மணல். குடியிருக்கிறவர்களை வெளியேற்றுவதா வேண்டாமா என்பதைப் பந்து உருட்டியா முடிவு செய்வது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. உள்ளான் குருவிகளும் மீன்கொத்திகளும் வேடிக்கை பார்க்க முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன.

குழிப்பந்து அந்தக் கரையில் எல்லாரும் ஆடும் ஆட்டம்தான். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் மூன்று குழிகள் ஒருவருக்கு, மறுபக்கம் மூன்று குழிகள் மற்றவருக்கு. கோட்டில் நின்று, ஆளுக்கு ஏழு மண் உருண்டைகளைத் தன் குழிகளை நோக்கி மாறி மாறித் தட்டிவிட வேண்டும். விழாததை எடுத்து வந்து மறுபடி ஆடலாம். ஏழையும் முதலில் போட்டவர் ஜெயித்தவர். இதில் ஒரு வழக்கம் உண்டு. உன் குழியை நீயே தோண்டக்கூடாது. கோட்டிலிருந்து இருபது தப்படி அளந்து, எதிராளிதான் உனக்குத் தோண்டித் தர வேண்டும். அவரவர் குழியை அவரவரே தோண்டினால் கள்ளத்தனம் வரும் என்று யாரோ புத்திசாலி செய்த ஏற்பாடு.

நண்டுகளின் சார்பில் ஆட வந்தவள் செவலை. வலது கொடுக்கு கொஞ்சம் பெரியது, குறி தவறமாட்டாள் என்று பேர். முதலில் அவள்தான் கொக்குக்காக அளந்தாள். பக்கவாட்டில் நடந்து, தன் காலால் இருபது தப்படி. வேறு யார் காலால் அளப்பாள்? பிறகு தோண்டினாள். நண்டுக்குத் தெரிந்த குழி ஒன்றே ஒன்றுதான், அது வீடு. ஓடி வருகிறவர்கள் தடுக்காமல் உள்ளே இறங்க வேண்டும் என்று விளிம்பை உட்பக்கமாகச் சரித்தாள். தோண்டிய மண்ணை எட்டக் கொண்டுபோய்க் கொட்டினாள். சரியாகத் தன் உடம்பு நுழைகிற அகலத்தில் மூன்று குழிகள் தயாராயின. எதிராளிக்குத்தானே என்று கொஞ்சம் குறுக்கித் தோண்ட அவளுக்குத் தோன்றவே இல்லை.

கொக்கு என்ன செய்தது தெரியுமா? தன் நெட்டைக் காலை வீசி வீசி இருபது தப்படி வைத்தது. கடைசித் தப்படி தாழம்புதர் ஓரம் போய் முடிந்தது. அங்கே அலகை மணலில் செருகி எடுத்தது. அவ்வளவுதான் குழி. பந்தைவிட ஒரு மயிரிழை அகலம் இருக்கும். தோண்டிய மண்ணை விளிம்பைச் சுற்றியே குவித்துக் காலால் தட்டி, வரப்பு மாதிரி கெட்டிப்படுத்திவிட்டு வந்தது.

செவலை பார்த்தாள். ஆமையிடம் போய், என் பக்கத்தை ஒருமுறை நடந்து பாருங்கள் என்றாள். ஆமை நடக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி எண்ணியது.

"அந்தப் பக்கம் இருபது தப்படி, மூணு குழி. இந்தப் பக்கமும் இருபது தப்படி, மூணு குழி. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"யார் காலால இருபது தப்படிங்கய்யா?"

"அது வழக்கத்துல சொல்லலை. குழின்னா குழிதான். போய் ஆடு."

இந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் இந்த இடத்தில் எனக்கு வயிறு எரிகிறது. எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் நியாயமும் சரியாக இருக்கிறது என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ.

ஆட்டம் தொடங்கியது. கொக்கு அலகால் ஏனோதானோ என்று தட்டியது. பந்து கோணலாகப் போனாலும் விளிம்புச் சரிவில் சறுக்கித் தானாகவே குழிக்குள் இறங்கியது. பார்த்தவர்கள் ஆகா என்றார்கள். செவலை நூல் பிடித்தாற்போல் நேராக அடித்தாள். அவ்வளவு தூரம் போய்ச் சேர ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பந்து வரப்பில் மோதித் திரும்பிவிடும். மெதுவாக அடித்தால் பாதி வழியில் நின்றுவிடும். வரப்பு வரை போய், ஏறி, அங்கேயே உயிர் போய் உள்ளே விழுகிற அளவுக்கு ஒரே ஒரு வேகம்தான் இருந்தது. அந்த வேகத்தை அவள் நாலாவது அடியில் கண்டுபிடித்துவிட்டாள். அப்படியும் கொக்கு ஆறு போட்டபோது அவள் போட்டிருந்தது மூன்று. அந்த மூன்றை வேறு யாராலும் போட்டிருக்க முடியாது. ஒருவராவது அதைப் பாராட்டினார்களா என்றால் இல்லை. கை வராதவர்கள் குழியைக் குறை சொல்லுவார்கள் என்று கொக்கு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தது.

கொக்கின் கடைசிப் பந்து. செவலை கோட்டில் நின்றுகொண்டு ஆமையைக் கேட்டாள்.

"பக்கம் மாத்தி ஆடலாம்யா. ஒரே ஒரு பந்து. அவர் எனக்குத் தோண்டின குழியில அவர் போடட்டும். விழுந்துட்டா, நாங்க எல்லாரும் இப்பவே காஞ்ச மணலுக்குப் போயிடுறோம்."

எவ்வளவு நியாயமான கேள்வி. கொக்கு வானத்தைப் பார்த்தது. பக்கம் மாற்றுவது வழக்கத்தில் இல்லை என்றது ஆமை. அழுகுணி ஆட்டம் ஆடாதே என்று உள்ளான் கூட்டம் கத்தியது. செவலையின் பின்னால் ஈர மணலில் அத்தனை நண்டுகளும், குஞ்சு குளுவான் உட்பட, கண்ணைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றன. இன்னும் ஒரு பந்து விழுந்தால் பொழுது சாயுமுன் அவை அத்தனையும் உலர்ந்துபோகும்.

கொக்கு பந்தைத் தட்டியது. பந்து நடுக்குழியை நோக்கி உருண்டது.

செவலை ஓடினாள். பந்தை முந்திக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, தான் தோண்டிய நடுக்குழிக்குள் இறங்கினாள். அவள் அளவுக்கே தோண்டிய குழியாயிற்றே, அவள் உடம்பு வாய்வரை கச்சிதமாக அடைத்துக்கொண்டது. பந்து வந்து அவள் முதுகில் ஏறி நின்றது. என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு நண்டுகள் ஓடிவந்து மற்ற இரண்டு குழிகளிலும் உட்கார்ந்துவிட்டன. அவற்றுக்கும் அந்த அளவு சரியாகவே இருந்தது.

கொக்கு கழுத்தை விடைத்துக்கொண்டு, என் பந்து உள்ளே போய்விட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று கத்தியது. ஆமை மெதுவாக வந்து குனிந்து பார்த்தது. பந்து குழிக்கு மேலேதான் இருந்தது. குழியிலிருந்து வெளியே வா என்று ஆமை செவலையை அதட்டியது.

"யார் காலால அளக்கணும்னு வழக்கத்துல இல்லைன்னீங்க, ஒத்துக்கிட்டேன்" என்றாள் செவலை உள்ளிருந்து. "குழிக்குள்ள யாரு உக்காரக்கூடாதுன்னும் வழக்கத்துல இல்லை. குழின்னா குழிதான்யா. பந்து விழலை."

ஆமை குழியைச் சுற்றி வந்து மறுபடி குனிந்து பார்த்தது. கொக்கு அலகால் குழியைக் குத்தப் பார்த்தது. செவலை கொடுக்கால் ஈர மண்ணை அள்ளித் தன் தலைக்கு மேலே வாசலை அடைத்துக்கொண்டாள். மற்ற இரண்டும் அப்படியே செய்தன. இப்படியே வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது கடல் ஏறியது. கோடு அழிந்தது, இரண்டு பக்கத்துக் குழிகளும் தூர்ந்தன, பந்துகள் கரைந்தன. யார் எத்தனை போட்டார்கள் என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. முடியாத ஆட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும் என்பது வழக்கத்தில் இருந்தது. அதுவரை ஈர மணல் இருந்தவர்களுக்கே.

ஆமை அன்றே கடலுக்குள் போய்விட்டது. இப்போதெல்லாம் முட்டையிட மட்டும் கரையேறுகிறது. தன் குழியைத் தானே தோண்டி, தானே மூடிவிட்டு, ஒருவர் முகத்திலும் விழிக்காமல் திரும்பிப் போகிறது.

அந்தப் பகலிலிருந்துதான், நீர் வற்றும் ஒவ்வொரு முறையும் நண்டு மணலைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி வளையைச் சுற்றிப் பரப்பி வைக்கிறது. கொக்கின் நிழல் விழுந்ததும் உள்ளே இறங்கி வாசலை அடைத்துக்கொள்கிறது. பந்துகள் தயாராகத்தான் இருக்கின்றன. பக்கம் மாற்றி ஆடக் கொக்கு இன்றுவரை சம்மதிக்கவில்லை.