அச்சு அசல் கேஸ்கட்

வெள்ளந்திப்பட்டியில் பொங்கியண்ணன், நாச்சிமுத்து, சென்னியப்பன் என்று மூன்று பேர் கூட்டாக ஒரு வேன் வைத்திருந்தார்கள். மூன்று பேர் மூளையையும் கூட்டினால் ஓர் ஆளுக்குக் கொஞ்சம் குறையும். இதில் தலை நரைக்கும்வரை பெண் கிடைக்காத சென்னியப்பனுக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடிவந்தது. "முகூர்த்தத்துக்கு ஒரு நிமிசம் பிந்தினாலும் பொண்ணு கிடையாது" என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், அன்றிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்த்து, பெண் வீட்டுக்குப் போக நம்பியிருந்த வேனில் தண்ணீர் ஒழுகியது.

மெக்கானிக் குப்பண்ணன் குனிந்து பார்த்தார். "வாட்டர் பம்பு போச்சு. புதுப் பம்பு நான் தர்றேன். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கட்டை மட்டும் டவுன்ல வாங்கிக்கங்க. பழசை மாதிரிக்குக் கொண்டு போங்க. அச்சு அசலா அதே மாதிரி இருக்கோணும். துளி மாறினாலும் ஒழுகும்."

சொல்லிப் புதுப் பம்பைக் கையில் கொடுத்துவிட்டு வெளியூரில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காததைத் தவிர.

எந்த பஸ்ஸில் போவது என்று பேசி முடிக்கவே வாரம் ஓடிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். "அட்டை, கார்க், ரப்பர். எது வேணுமுங்க?"

மூவரும் தனியாகப் போய் ஆலோசித்தார்கள்.

"ரப்பர் ஆகாது" என்றான் பொங்கியண்ணன். "எஞ்செருப்பு ரப்பருதான். மழையில போட்டா காலு நனையுது."

"கார்க்கு?" என்றான் நாச்சிமுத்து.

"தண்ணியில மெதக்குமப்பா. இன்ஜினுக்குள்ள மெதந்து எங்கியாச்சும் போயிருச்சுன்னா எவன் தேடறது?" என்றான் பொங்கியண்ணன்.

ஆகவே அட்டை. பழசும் அட்டைதான் என்பதால் கடைக்காரரும் தலையாட்டினார். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சென்னியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, பழசுல ஓரமாக் கிழிஞ்சிருக்கு. இதுல இல்லீங்களே?"

"புதுசுல எப்படீங்க இருக்கும்?"

"கிழிஞ்சது ஸ்டாக் இல்லீங்களா?"

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வேணுமுன்னா நீங்களே கிழிச்சுக்கங்க சாமி."

நல்ல மனுசன் என்று மூவரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் வேலை ஆரம்பம். புது கேஸ்கட்டை எண்ணெயில் முக்கி, அடுப்புப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினார்கள். அம்மிக்கல்லால் தட்டி மெலிசாக்கினார்கள். பட்டு வேட்டியும் மாலையுமாக இருந்த மாப்பிள்ளை, அளந்து பார்த்து, பிளேடால் அதே இடத்தில் அதே நீளத்துக்குக் கிழித்தான். அதைப் புதுப் பம்போடு சேர்த்து மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊற்றியது.

"துளி மாறினாலும் ஒழுகும்னாரு. அப்ப எதுவோ மாறியிருக்கு" என்றான் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "பம்பு! பழசு துரு ஏறி இருந்துச்சு. இது மினுங்குது பாரு."

புதுப் பம்பைக் கழற்றி வீசிவிட்டுப் பழைய பம்பையே மாட்டினார்கள். அப்போதும் ஒழுகியது.

சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னும் என்னதான்டா மாறியிருக்கு?"

"ஒண்ணுமே மாறல" என்றான் பொங்கியண்ணன். "கேஸ்கட்டு பழைய மாதிரி. பம்பும் பழசு. ஒழுகறதும் அதே எடம்."

"அப்ப எல்லாமே போன வாரம் இருந்த மாதிரியே இருக்குதா?"

"அச்சு அசலா."

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போன வாரம் எங்கல்யாணத்துக்கு எத்தன நாள் இருந்துச்சு?"

நாச்சிமுத்து விரல்விட்டு எண்ணினான். "ஒரு வாரம்."

அப்பாடா என்று சென்னியப்பன் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இலை போட்டு வயிறாரச் சாப்பிட்டான். கை கழுவும்போது போன் அடித்தது. மறுமுனையில் மாமனார் கத்தினார்.

"மாப்ள! எங்க இருக்கறீங்க? முகூர்த்தம் முடியப் போகுது!"

"எதுக்கு மாமா பதறறீங்க?" என்றான் சென்னியப்பன். "இன்னும் ஒரு வாரம் கெடக்குது. நீங்களும் குடும்பத்தோட மறக்காம வந்துருங்க."