சிவப்பு ஏரிக்கு நல்ல தண்ணீர்

“கிளம்புங்கம்மா. போதும் இந்த உப்பு ஏரி.”

சீடர் குற்றாலிங்கம் கோவேறு கழுதையின் மேல் மூட்டைகளைக் கட்டி முடித்திருந்தார். குருவின் போர்வை, பாத்திரம், மருந்து எல்லாம் ஏறிவிட்டன. குருதான் பாக்கி.

குரு உலகம்மை வயதில் சீடரைவிட இளையவர். இருவருக்கும் தென்காசிப் பக்கம். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் இந்த மலையுச்சி ஏரிக்கரைக்குக் குரு எப்போதோ வந்து தங்கிவிட்டார். தேடி வந்த சீடருக்கு இது இரண்டாவது குளிர்காலம். நடுவில் குருவுக்கு இருமல் வந்தது. இருமல் போய்விட்டது, சீடரின் பயம் போகவில்லை.

“ஊர்ல வீடு பாத்துட்டேன். கெணத்துல நல்ல தண்ணி. சாரல் அடிக்கும். இங்க என்ன இருக்கு? புல்லு உண்டா, மீனு உண்டா? அழுகின முட்ட நாத்தந்தான் உண்டு.”

சொல்லிக்கொண்டே வழக்கம்போலச் சர்க்கரை தூக்கலாக டீ போட்டு நீட்டினார். ஊரிலிருந்து அவரே சுமந்து வந்த சர்க்கரை. உலகம்மை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஏரி ஏன் செவந்து கெடக்கு?”

“மண்ணு அப்படி.”

“மண்ணு இல்ல. அம்புட்டும் உசிரு. கண்ணுக்குத் தெரியாத உசிரு. உப்புலயே பொறந்து உப்புலயே கெடக்கு.”

உலகம்மை ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டுவந்து வைத்தார். தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கலாக இருந்தது.

சீடருக்கு மனம் இளகிவிட்டது. டீயில் விழுந்த எறும்பைக்கூட ஊதி ஊதிப் பிழைக்கவைக்கிற ஆள் அவர்.

“ஐயோ பாவம்! ஆயுசு பூரா உப்பா?”

ஓடிப்போய்ப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றுத் தண்ணீர் பிடித்துவந்தார். பாட்டிலிலிருந்து கொஞ்சம் அதில் விட்டார்.

“குடிங்க மக்கா. வயிறாரக் குடிங்க.”

உலகம்மை டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஜாடியில் கலங்கல் தெளிந்துவிட்டது. சீடர் குழந்தையாகச் சிரித்தார்.

“பாத்தீங்களா, எப்படித் தெளிஞ்சிட்டு!”

“வெரல விட்டுப் பாருங்க.”

விட்டார். வெண்டைக்காய் நறுக்கினதுபோல நூல் நூலாக விரலோடு வந்தது.

“என்னம்மா இது, வழவழன்னு?”

“அதுகதான். உப்புதான் அதுக ஒடம்பக் கட்டிப் பிடிச்சிருந்தது. நல்ல தண்ணி உள்ள பூந்து ஒடச்சிட்டு.”

சீடருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நல்லதுதானம்மா நெனச்சேன்.”

“நெனச்சீங்க. நல்லாத்தான் நெனச்சீங்க.”

குற்றாலிங்கம் ஜாடியைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். எழுந்துபோய் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினார். கழுதை உடம்பை உதறிக்கொண்டது.

பிறகு குருவின் எதிரில் வந்து உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து கேட்காததைக் கேட்டார்.

“அம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்?”

உலகம்மையின் முகம் மலர்ந்தது. காலி டம்ளரை நீட்டினார்.

“இன்னொரு டீ, அண்ணாச்சி. இந்த மலைக்காரங்க போடுத மாதிரி, உப்புப் போட்டு.”