எழுத்தெழுத்தாக

"டீச்சர், பெட்டி செத்துப்போச்சு."

பிலோமினா படியேறி வரும்போதே வாசலில் நின்று சொன்னார் திரவியம்.

"என்ன சொல்லிச்சு?"

"என்னமோ எரர்னு வருது."

"என்னமோன்னா?"

"எரர்தான் டீச்சர். எரர்னா எரர்தானே."

பிலோமினா கைத்தடியை மடக்கினார். சுவரைத் தொட்டபடி நடந்து மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, எனக்குக் கண்ணு தெரியாது. உங்களுக்குத் தெரியும். திரையில என்ன எழுதியிருக்கோ அதை வாசிங்க. உங்க தீர்ப்பு அப்புறம்."

திரவியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எரர். நோ சச் பார்ட்டிஷன். அதுக்குக் கீழே கிரப் ரெஸ்க்யூ. பக்கத்துல ஒரு அம்புக்குறி."

"அம்புக்குறிக்குப் பக்கத்துல?"

"ஒரு சின்னக் கோடு. மின்னுது."

"செத்தது மின்னுமா?"

திரவியம் இன்னும் கிட்டக் குனிந்தார்.

*

தூத்துக்குடியில் ஒரு கடைத்தெரு மாடியில் இருந்தது அந்தக் கூடம். கண் தெரியாதவர்கள் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய புத்தகங்களை, கண் தெரிந்தவர்கள் வந்து மைக் முன்னால் வாசித்துப் பதிவு செய்வார்கள். அத்தனையும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது.

திரவியம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, குரல் நன்றாக இருக்கிறதென்று யாரோ சொல்லி, வாசிக்க வந்தார். பொருளாதாரம் முழுக்க அவர் குரல்தான். ஒருநாள் பிலோமினாவிடம், "இந்தப் பெட்டியையும் எனக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டார். தன்னைவிடப் பல வயது சின்னவரிடம் கைகட்டிக் கேட்க அவருக்குக் கூச்சமே வரவில்லை.

நேற்று அவருக்கு ஒரு யோசனை வந்தது.

அந்தப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் வீடு மாதிரி அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் விண்டோஸ். ஒன்றில் அதே வேலையைச் செய்யும் பழைய லினக்ஸ். ஒன்றில் இப்போது ஓடும் லினக்ஸ். மீதி இடமெல்லாம் பதிவுகள். பதிவு அறையில் இடம் தீர்ந்துவிட்டது. பழைய லினக்ஸை யாரும் தொட்டு வருஷக்கணக்காகிறது. அதை அழித்துவிட்டால் இடம் கிடைக்குமே என்று அழித்துவிட்டார்.

அழித்ததும் மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை.

*

சுவரோரப் பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஏரலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். அவளுக்கும் பார்வை இல்லை. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் தகுதித் தேர்வு. உளவியல் பாடங்கள் இந்த வாரம்தான் பதிவாகி முடிந்திருந்தன. அதற்காகக் கையில் மெமரி கார்டு வைத்திருந்தாள்.

"டீச்சர், இன்னைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

பிலோமினா திரவியத்தைக் கேட்டார். "நகல் எது வரைக்கும் இருக்கு?"

"போன மாசம் வரைக்கும்தான்."

இசக்கியம்மாள் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"டீச்சர்," திரவியம் குரலைத் தாழ்த்தினார். "கம்ப்யூட்டர் கடைப் பையன்கிட்ட போன்ல கேட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்துனா ஒரு மணி நேர வேலையாம். அதுக்குப் பென் டிரைவ்கூட வாங்கிட்டு வந்துட்டேன்."

பிலோமினா கையை நீட்டினார்.

திரவியம் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை எடுத்து அதில் வைத்தார்.

பிலோமினா அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"இப்ப வேலையைப் பாப்போம்."

*

"நோ சச் பார்ட்டிஷன்னா என்ன அண்ணாச்சி?"

"அப்படி ஒரு அறை இல்லைன்னு சொல்லுது."

"எந்த அறை?"

"அதைச் சொல்லலையே."

"நேத்து என்ன செஞ்சீங்க?"

திரவியம் சொன்னார். பழைய லினக்ஸை அழித்ததைச் சொல்லும்போது மட்டும் அவருடைய நல்ல குரல் கம்மியது.

பிலோமினா கோபப்படவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"பெட்டியைத் திறந்ததும் முதல்ல எழுந்திருக்கிற ஆளு பேரு கிரப். அவன் அடுத்து யாரை எழுப்பணும்னு ஒரு இடத்துல போய்ப் பாக்கான். அந்த இடம் பழைய லினக்ஸுக்குள்ள இருந்திருக்கு. நீங்க அதை எடுத்துட்டீங்க. அவன் இன்னும் அங்கேயே போய் நிக்கான்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"என்னென்ன மிச்சம் இருக்குன்னு அவன்கிட்டயே கேளுங்க. எல், எஸ். என்டர்."

திரவியம் அடித்தார். திரையைப் பார்த்தார்.

"டீச்சர்! ஆறு இருக்கு, அஞ்சு இருக்கு, ஒண்ணு இருக்கு. ஏழு இல்ல. பதிவெல்லாம் ஏழுலதான் இருந்துச்சு. போச்சு! எல்லாம் போச்சு!"

பெஞ்சில் இசக்கியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"பழைய லினக்ஸ் எத்தனையாவது?" என்று பிலோமினா கேட்டார்.

"அஞ்சு."

"ரேஷன் கடை வரிசையில அஞ்சாவது ஆளு வீட்டுக்குப் போயிட்டா?"

திரவியம் விரலை மடக்கி எண்ணினார்.

"ஆறாவது ஆளு அஞ்சாவதா வருவான். ஏழாவது…"

"வாயால சொல்லாதீங்க. பாருங்க."

ஆறுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்க, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். கிரேனின் பெரிய நெம்புகோல்களைப் பிடித்துப் பழகிய விரல்கள் சின்ன அடைப்புக்குறிகளுக்காகத் தடுமாறின. என்டர்.

"லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்டுன்னு ஒண்ணு. அப்புறம்… எக்கனாமிக்ஸ். ஹிஸ்டரி. சைக்காலஜி."

"சைக்காலஜி இருக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

"இருக்கும்மா. இருக்கு!"

திரவியம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அடுத்தது அஞ்சு," என்றார் பிலோமினா.

*

ஐந்தில் இப்போதைய லினக்ஸ் இருந்தது. அதற்குள் பூட், அதற்குள் கிரப் என்று அறைக்குள் அறையாகத் திறந்து திரவியம் வாசித்துக்கொண்டே போனார்.

"அவன் தேடுற சாமான் இங்கேயும் இருக்கு டீச்சர்!"

"அப்ப இடம் மாறிட்டுன்னு அவனுக்குச் சொல்லுங்க."

பிலோமினா சொல்லச் சொல்ல திரவியம் அடித்தார். சாமான் இருக்கும் வழி, அதாவது ப்ரீஃபிக்ஸ், இது. அறை, அதாவது ரூட், இது. கடைசியில், பட்டியலைக் கொண்டுவரும் 'நார்மல்' பகுதியை ஏற்று.

"ஃபைல் நாட் ஃபவுண்ட்னு வருது."

"முழுசா வாசிங்க."

"அதான் டீச்சர், ஃபைல் நாட்…"

"ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒண்ணும் இல்லையா?"

"நடுவுல என்னமோ நீளமா கிடக்கு."

"அந்த நீளத்தைத்தான் கேக்கேன்."

திரவியத்துக்கு எரிச்சல் வந்தது. காலையிலிருந்து டீ குடிக்கவில்லை. கழுத்து வலித்தது. சொன்னதைத்தான் அடித்தேன், அப்புறமும் என்ன என்று கேட்க நாக்குத் துடித்தது.

திரையில் விரலை வைத்து வாசித்தார்.

"கோடு. பி. ஓ. டி. கோடு…"

விரல் நின்றது.

மறுபடி விரலை முதலிலிருந்து கொண்டுவந்தார். "பி… ஓ… டி."

பிலோமினா காத்திருந்தார்.

"பூட்ல ஒரு ஓவை விட்டிருக்கேன் டீச்சர்."

"ம்."

திருத்தினார். என்டர் தட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. அம்புக்குறி மட்டும் மறுபடி வந்து நின்றது.

"பேசவே மாட்டேங்குது."

"குறை இருந்தப்ப எல்லாம் பேசிச்சே?"

திரவியம் ஒரு கணம் யோசித்தார். கேட்காமலே 'நார்மல்' என்று அடித்தார்.

கறுப்பு விலகியது. எதை எழுப்ப வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வந்தது. லினக்ஸ் எழுந்தது. திரையில் இருப்பதைப் பிலோமினாவுக்கு வாசித்துச் சொல்லும் அந்தத் தட்டையான இயந்திரக் குரல் ஸ்பீக்கரிலிருந்து கேட்டது. "ஸ்கிரீன் ரீடர் ஆன்."

திரவியம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கைதட்டினார். கூடத்தில் அவர் மட்டும்தான் தட்டினார்.

"முதல்ல அந்தப் பிள்ளைக்கு ஏத்திக் குடுங்க," என்றார் பிலோமினா. "அப்படியே நம்ம நகலையும் எடுத்துருங்க."

*

நகல் முடிந்தது. இசக்கியம்மாள் கார்டை வாங்கிப் போனில் செருகினாள். காதில் வைத்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, உங்க குரல்தானா பொருளாதாரத்துல?"

"ஆமாம்மா."

"நான் வேகத்தைக் கூட்டி வச்சுத்தான் கேப்பேன். நேர்ல நீங்க ரொம்ப மெதுவாப் பேசுதீங்க."

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். அவளுடைய தடியின் சத்தம் தெருவோடு கலந்தது.

திரவியம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "முடிஞ்சுது டீச்சர். ஒரு டீ சொல்லவா?"

பிலோமினா மேசையைத் தடவி, பெட்டியைத் தடவி, பொத்தானைக் கண்டுபிடித்தார். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

காற்றாடி நின்றது.

"டீச்சர்!"

விரலை எடுத்து மறுபடி அழுத்தினார். காற்றாடி சுற்றியது.

"வாசிங்க."

திரவியம் பார்த்தார்.

"எரர்," என்றார். "நோ சச் பார்ட்டிஷன். கிரப் ரெஸ்க்யூ."

"ம்."

"ஏன் டீச்சர் இப்படிச் செய்தீங்க? நல்லாத்தானே ஓடிச்சு! காலையில இருந்து கிடந்து பாடுபட்டு…"

"நல்லாத்தான் ஓடிச்சு. நாம வாயால சொன்ன புது இடம், பெட்டி அணைஞ்சதும் அவனுக்கு மறந்துபோச்சு. அப்ப எழுப்ப நீங்க இருந்தீங்க."

"நான் எங்க போகப்போறேன்?"

"நாளைக்கு உங்க அக்கா வீட்டு விசேஷம்னு சொன்னீங்க. காலையில நான் தனியா வந்து இந்தப் பொத்தானை அமுக்குவேன். அந்த அம்புக்குறிகிட்டப் பேச்சு கிடையாது. சத்தம் கிடையாது. பெட்டி எழுந்துச்சா, எழலையா, எனக்கு எப்படித் தெரியும்?"

திரவியம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார். பிறகு பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா திரைக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் திரவியம்.

*

இந்த முறை பிலோமினா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

திரவியம் சத்தமாக வாசித்துக்கொண்டே அடித்தார். தான் அடித்ததையும் வாசித்தார், திரை சொன்னதையும் வாசித்தார். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதை என்டர் தட்டுமுன்னே அவர் வாயே கண்டுபிடித்தது. பட்டியல் வந்தது. லினக்ஸ் எழுந்தது. இயந்திரக் குரல் பேசியது.

அவர் கைதட்டவில்லை.

"முதல்ல எழுந்திருக்கிறவனை மறுபடி உக்கார வைக்கணும். கிரப் இன்ஸ்டால். அதானே டீச்சர்?"

பிலோமினா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அடித்தார். எங்கே உட்கார வைப்பது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. டிஸ்க்கின் பேரான எஸ், டி, ஏ, அதோடு ஐந்து என்று அடித்துவிட்டு, விரலை என்டர்மேல் வைத்தார்.

வைத்த விரலை எடுத்தார்.

"அஞ்சுன்னா ஒரு அறை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அவன் எந்த அறையிலயும் இல்ல. டிஸ்க்கோட தலைமாட்டுலல்லா இருக்கான்."

ஐந்தை அழித்தார். என்டர்.

"இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்ட். நோ எரர் ரிப்போர்ட்டட்."

கடைசிப் புள்ளி வரைக்கும் வாசித்தார். பிறகு பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் அது வரிவரியாகச் சொல்ல, ஒரு வரி விடாமல் அவரும் சொன்னார். விண்டோஸையும் சேர்த்துத்தான்.

பெட்டியை முறைப்படி அணைத்தார். காற்றாடி நின்றது. தெருவிலிருந்து மீன்காரரின் ஹாரன் சத்தம் மேலே வந்தது.

"டீச்சர், நீங்க போடுங்க."

பிலோமினா பொத்தானை அழுத்தினார்.

காற்றாடி சுற்றத் தொடங்கியது. திரவியம் ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் பிலோமினாவின் விரல்கள் அசையாமல் இருந்தன.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தைக் காணோம்? வாசிங்க."

"முடியாது டீச்சர்."

"ஏன்?"

"திரையை அணைச்சு வச்சிருக்கேன்."

பிலோமினா அவர் பக்கம் திரும்பினார்.

இரண்டு பேரும் காற்றாடிச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்க் கிறுகிறுத்தது. நின்றது. மறுபடி கிறுகிறுத்தது. திரவியத்தின் கை திரையின் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது.

"ஸ்கிரீன் ரீடர் ஆன்," என்றது பெட்டி.