பழுப்புத் தண்ணீரில் இன்னொரு முழுக்கு

"இன்னொரு தடவை முக்கிரட்டுங்களா அம்மிணி?"

காலையிலிருந்து வெள்ளிங்கிரி இதைக் கேட்பது ஏழாவது தடவை.

மலை மேல் டிரவுட் மீன் முட்டைகளை வைத்துக் குஞ்சு பொரிக்கும் கொட்டகை அது. குரு ரெஜினாவுக்கு முப்பத்தொரு வயது. சீடர் வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்தாறு. கோபிப் பக்கம் கெண்டைக் குளம் வைத்து, எல்லாம் செத்துப்போக, கற்றுக்கொள்ள மலையேறி வந்தவர்.

முதலில் அவரிடம் கொடுத்த முட்டைத் தட்டில் ஒரே ஒரு முட்டை வெளுத்துச் செத்தது. மறுநாள் அதன்மேல் பஞ்சு போலப் பூஞ்சை. மூன்றாம் நாள் தட்டே தலையணை ஆகிவிட்டது.

இது இரண்டாவது தட்டு. இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசி. இதுவும் போனால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். யாரும் ஏறச் சொல்லவில்லை.

"முட்டையில கண்ணு தெரிஞ்ச அன்னிக்கே, பூஞ்சை பிடிக்காம இருக்க, அயோடின் தண்ணியில பத்து நிமிஷம் முக்கியாச்சுண்ணா. அலசியும் ஆச்சு."

"அதாகிப் பன்னெண்டு நாளாச்சுங்களே! இன்னிக்கு அஞ்சு வெளுத்துப் போச்சே!"

"வெளுத்ததைப் பொறுக்கிட்டீங்களா?"

"பொறுக்கிட்டனுங்க."

"அப்ப சரி."

"சரின்னா... எப்படீங்க... சரி?"

தண்ணீர் ஏறாத பம்புசெட் இப்படித்தான் இருமும்.

ரெஜினா அயோடின் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்தாள்.

"முக்கிக்கங்க. அதுக்கு முன்னாடி முட்டைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"முட்டைகிட்டயா?"

"என்கிட்ட ஏழு தடவை கேட்டீங்கல்ல?"

போய்விட்டாள்.

"முட்டைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க!" என்று அவளைப் போலவே மூக்கால் சொல்லிப் பார்த்தார் வெள்ளிங்கிரி. ஓடைத் தண்ணீர் வரும் குழாய் மட்டும் களக் களக் என்றது.

வாளியில் மருந்தைக் கலக்கினார். தண்ணீர் பழுப்பானது. பாட்டில் வாயிலிருந்து ஒரு சொட்டு, விரலில் இருந்த வெட்டுக்காயத்தில் விழுந்தது.

"ஸ்ஸ்ஸ்!"

விரலை உதறிக்கொண்டே பூதக்கண்ணாடியை, தட்டு கிடந்த தொட்டிமேல் பிடித்துக் குனிந்தார்.

நூறு நூறு கருப்புக் கண்கள். எல்லாம் அவரையே பார்த்தன.

ஓரத்தில் ஒரு முட்டை புடைத்தது. கிழிந்தது. ஒரு வால் வந்தது.

தலை வரவில்லை.

வால் ஒரு தடவை அடித்தது. நின்றது. வெள்ளிங்கிரிக்கும் மூச்சு நின்றது.

மறுபடி அடித்தது.

வெளியே வந்து விழுந்தது குஞ்சு. ஓடு இல்லை. செதில் இல்லை. தோல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வயிற்றில் மஞ்சள் கரு மூட்டை. நெஞ்சில் சிவப்பாக ஒரு புள்ளி துடிப்பது வெளியே தெரிந்தது.

அவர் விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாளியைப் பார்த்தார்.

பக்கத்து முட்டை கிழிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

கதவு திறந்தது.

"என்னண்ணா, இன்னுமா யோசனை? தள்ளுங்க, நானே முக்கிடறேன்."

ரெஜினா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டை நோக்கிக் கை நீட்டினாள்.

வெள்ளிங்கிரி பாய்ந்து குறுக்கே நின்றார். இரண்டு கையையும் தொட்டிமேல் விரித்தார்.

"தட்டு மேல கைய வெச்சீங்க... நடக்கறதே வேறீங்க அம்மிணி!"